ஈறு நோய்க்கு ஆழ் சுத்தம்: ஊசி இல்லாமல் வலியைக் குறைக்கும் வழிகள், முழுமையான வழிகாட்டி

வேலூரில் ஈறு நோய்க்கு மருத்துவம் பார்க்கும் எனக்கு, நாற்காலியில் உட்கார்ந்ததும் நோயாளிகள் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றுதான்: "என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் டாக்டர், ஊசி மட்டும் வேண்டாம்." குடியாத்தத்தில் பீடி சுற்றும் அம்மாக்கள் சொல்கிறார்கள். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் வேலையில் கை காய்த்துப்போனவர்களும் சொல்கிறார்கள். இந்த அச்சத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. ஏனென்றால் இதன் விலை பெரிது. ஊசிக்குப் பயந்து சுத்தம் செய்வதை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும்போது, பல்லைத் தாங்கும் எலும்பு சத்தமில்லாமல் கரைகிறது. கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளர்வதில்லை.

ஈறு நோய்க்கான முதல் கட்டச் சிகிச்சையை ஊசி இல்லாமலேயே வலி குறைவாகச் செய்துகொள்ள வழி இருக்கிறது. அந்த வழிக்கு ஓர் எல்லையும் இருக்கிறது. எல்லையைத் தெரிந்துகொண்டு, தேவையானதை முன்கூட்டியே கேட்டு வாங்குபவர்களுக்குச் சிகிச்சை நல்லபடியாக முடிகிறது. அதற்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில், வலி எங்கிருந்து வருகிறது?

பல்லுக்கும் ஈறுக்கும் இடையே எல்லோருக்கும் சிறிய இடைவெளி உண்டு. அங்கே கிருமிப் படலம் தங்கி, உமிழ்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதன்மேல் படிந்து, ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் பிடித்த குடத்தின் அடியில் உப்பு கட்டுவதுபோல் இறுகிவிடுகிறது. இதுதான் பற்காரை. காரையின் சொரசொரப்பில் மேலும் கிருமி ஒட்ட, ஈறு வீங்கிப் பல்லை விட்டு விலகி, இடைவெளி ஆழமாகிறது. அந்த ஆழமான இடைவெளியை ஈறுப் பை என்கிறோம்.

ஈறுக்கு மேலே தெரியும் காரையை எடுப்பது சாதாரணப் பல் சுத்தம். இதற்குப் பெரும்பாலும் மரக்க வைக்கும் மருந்தே தேவைப்படாது. ஈறுப் பைக்குள் கருவியை விட்டு, வேரின்மேல் ஒட்டியிருக்கும் காரையைச் சுரண்டி எடுப்பது ஆழ் சுத்தம். வலி பற்றிய பேச்செல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

இந்த வலி இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, புண்பட்டு வீங்கிய ஈறுச் சதை. கருவி உரசும்போது குத்துவதும் எரிவதும் இதுதான். மற்றொன்று, பல்லின் வேர். ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும்போது, கருவியின் அதிர்வும் அதிலிருந்து பீய்ச்சும் குளிர்ந்த நீரும் வேர் வழியாகப் பல்லின் உள் நரம்பைத் தொடுகின்றன. 'சுரீர்' என்று மூளைவரை ஏறுவது இந்தக் கூச்சம்.

ஊசி இல்லாத மருந்துகள் முதல் வகை வலியை நன்றாக அடக்கும். இரண்டாவது வகையை ஓரளவுக்கே அடக்கும். பல்லின் உள் நரம்பை முழுமையாக மரக்க வைக்க இன்றுவரை நம்பகமான வழி ஊசிதான். இந்த வேறுபாட்டை யாரும் விளக்காததால்தான், "ஜெல் தடவினார்கள், ஆனாலும் வலித்தது" என்று பலர் ஏமாற்றத்தோடு சொல்கிறார்கள். அவர்களுக்கு வலித்தது ஈறா, வேரா என்று கேட்டால் பாதிப் பேருக்கு மேல் குளிர் நீரின் கூச்சத்தைத்தான் சொல்வார்கள். அதற்கு வேறு மருந்து இருக்கிறது. கீழே வருகிறேன்.

படி 1: உங்கள் ஈறின் நிலையை எண்களாகக் கேளுங்கள்

மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய அளவுக் கம்பியால் ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் ஆழம் அளப்பதுதான் முறையான பரிசோதனை. "ஈறு கொஞ்சம் கெட்டிருக்கிறது" என்ற பதிலோடு எழுந்து வராதீர்கள். எந்தப் பல்லில் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள்.

1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. 4, 5 என்றால் ஆழ் சுத்தம் தேவைப்படலாம். ஊசி இல்லாமல் ஈறுப் பைக்குள் விடும் மரக்க வைக்கும் ஜெல்லுக்கு (படி 3-இல் விளக்குகிறேன்) மிகவும் ஏற்ற நிலை இதுதான். 6, அதற்கு மேல் என்றால், அதுவும் கடைவாய்ப் பல்லின் வேர்கள் பிரியும் இடத்தில் என்றால், ஜெல் மட்டும் போதும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஒருவருடைய வாயிலேயே முன்பற்களில் 4, பின்பற்களில் 7 என்று கலந்திருக்கும். அப்படியானால் முன்பகுதியை ஜெல்லிலும் பின்பகுதியில் ஓரிரு பற்களை மட்டும் ஊசியிலும் முடிக்கலாம். முழுவாய்க்கும் ஒரே முறை என்று கட்டாயம் எதுவும் இல்லை.

வீங்கிய ஈறில் இந்த அளவெடுப்பே வலிக்கும். அதற்கும் மரக்க வைக்கும் ஜெல்லைக் கேட்கலாம். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புகையிலையில் உள்ள நிகோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், ஈறு நோய் முற்றியிருந்தாலும் இரத்தம் அதிகம் கசியாது. "எனக்கு ரத்தமே வருவதில்லை, ஈறு நன்றாக இருக்கிறது" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களின் ஈறுப் பைகள்தான் பல நேரம் மிக ஆழமாக இருக்கின்றன. அளந்து பார்க்காமல் தெரியாது.

படி 2: நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை எழுதுங்கள்

ஊசி இல்லை என்பதால் ஆபத்தே இல்லை என்று பொருளல்ல. ஜெல்லும் ஸ்பிரேயும் மருந்துகள்தான், அவையும் இரத்தத்தில் கலக்கின்றன. எனவே இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஈறுப் பைக்கான ஜெல்லில் லிக்னோகெயின், பிரிலோகெயின் என இரண்டு மருந்துகள் இருக்கின்றன. பிரிலோகெயின் சிலருக்கு இரத்தத்தின் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைச் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபினாக மாற்றிவிடும். இது அரிது. ஆனால் சில மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கு வாய்ப்பு கூடுகிறது. அவற்றில் முக்கியமானது டாப்சோன். நம் பகுதியில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தொழுநோய்ச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற கரிகிரி மருத்துவமனை வேலூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தொழுநோய்க்கான கூட்டு மருந்தில் டாப்சோன் உண்டு. சில தோல் நோய்களுக்கும் அதே மாத்திரையைக் கொடுக்கிறார்கள். அந்த நோயை வெளியே சொல்லக் கூச்சப்பட்டுப் பல் மருத்துவரிடம் மறைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். நோயின் பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றால் மாத்திரை அட்டையை மட்டும் காட்டுங்கள், போதும். ஜி-6-பிடி என்ற பிறவி நொதிக் குறைபாடு இருப்பவர்களும், முன்பு எப்போதாவது மெத்ஹீமோகுளோபின் தொல்லை வந்தவர்களும் இந்த ஜெல்லைத் தவிர்க்க வேண்டும்.

வலிப்பு நோய்க்கு ஃபெனிடாயின் சாப்பிடுபவர்கள் இரண்டு காரணங்களுக்காகச் சொல்ல வேண்டும். அந்த மாத்திரையும் மேற்சொன்ன பட்டியலில் வருகிறது. தவிர, அதுவே ஈறைத் தடிக்க வைக்கும். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், சிறுநீரக மாற்று அறுவைக்குப் பிறகு கொடுக்கும் சைக்ளோஸ்போரின் ஆகியவையும் ஈறைத் தடிக்க வைப்பவை. இந்தியாவில் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை 1971-லேயே நம் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையில் நடந்த ஊர் இது. மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவர்கள் இங்கே அடிக்கடி வந்துபோகிறார்கள். அவர்கள் தங்கள் சிறுநீரக மருத்துவரிடம் பேசாமல் ஈறுச் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாகவே நிறுத்த வேண்டாம். நிறுத்துவதால் வரும் ஆபத்து, ஈறிலிருந்து கொஞ்ச நேரம் கூடுதலாக இரத்தம் கசிவதைவிடப் பெரிது. செயற்கை இதய வால்வு பொருத்தியவர்களுக்கு ஆழ் சுத்தத்துக்கு முன் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவைப்படும். கர்ப்பிணிகள், முன்பு மரக்க வைக்கும் மருந்தால் ஒவ்வாமை வந்தவர்கள் ஆகியோரும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஈறுப் பைக்கான ஜெல் பெரியவர்களுக்கானது. சிறுவர்களுக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை.

படி 3: என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள்

*ஈறுப் பைக்குள் செலுத்தும் ஜெல்.* ஆழ் சுத்தத்துக்கென்றே உருவான மருந்து இது. லிக்னோகெயின் 2.5 சதவீதம், பிரிலோகெயின் 2.5 சதவீதம். அமெரிக்காவில் 2003-இல் அனுமதி பெற்றது. ஒராகிக்ஸ் என்பது வணிகப் பெயர். இதன் சிறப்பு, அறை வெப்பத்தில் தண்ணீர்போல் ஓடக்கூடிய திரவமாக இருந்து, உடல் சூடு பட்டதும் ஜெல்லாக இறுகுவது. மழுங்கிய நுனி கொண்ட குழாயால் ஈறுப் பைக்குள் விட்டால், வழிந்து ஓடாமல் அங்கேயே நிற்கும். சதையை எதுவும் துளைப்பதில்லை. 30 விநாடிகளில் மரத்துப்போகும். சராசரியாக 20 நிமிடங்கள் நிற்கும். உதடும் கன்னமும் மரத்துத் தொங்காது என்பதால், முடிந்ததும் பேசலாம், பேருந்தேறி வீட்டுக்குப் போகலாம்.

ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் ஊசியே வலியை அதிகம் குறைத்தது. ஆனாலும் இரண்டையும் அனுபவித்த நோயாளிகளில் பலர், அடுத்த முறைக்கு ஜெல்லே வேண்டும் என்றார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. பலருக்குச் சிகிச்சையின் வலியைவிட ஊசியை எதிர்பார்த்துக் காத்திருக்கும் அந்த நிமிடமே பெரிய வேதனை.

நம் ஊர் வெயிலுக்காக ஒரு செய்தி. உடல் சூட்டில் இறுகும் மருந்து, சித்திரை வெயிலில் மின்விசிறிகூட இல்லாத அறையில் வைத்திருந்தால் குழாய்க்குள்ளேயே இறுகிவிடும். குளிர்பதனப் பெட்டியில் சிறிது நேரம் வைத்தால் மீண்டும் திரவமாகும்; உறைய விடக் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் வேலூரில் சிகிச்சை வைத்துக்கொள்பவர்கள், மருந்து குளிர்ந்த இடத்தில் இருக்கிறதா என்று கேட்பதில் தவறே இல்லை.

*ஸ்பிரேயும் சாதாரண ஜெல்லும்.* பெரும்பாலான பல் மருத்துவமனைகளில் கைவசம் இருப்பவை இவைதான். 10 அல்லது 15 சதவீத லிக்னோகெயின் ஸ்பிரே, லிக்னோகெயின் ஜெல், பென்சோகெயின் ஜெல். இவை ஈறின் மேற்பரப்பில் 2, 3 மில்லிமீட்டர் ஆழம்வரைதான் இறங்கும். அளவெடுப்பதற்கும், ஈறு ஓரத்துக் காரையை எடுப்பதற்கும் போதும். ஆழமான பைக்குப் போதாது. இவற்றில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது பொறுமைதான். ஈறை முதலில் பஞ்சால் துடைத்து உலர்த்த வேண்டும், பிறகு தடவ வேண்டும், பிறகு ஓரிரு நிமிடங்களாவது காத்திருக்க வேண்டும். எச்சில் ஈரத்தின்மேல் தடவி உடனே கருவியை எடுத்தால் மருந்து வேலை செய்யாது. ஸ்பிரேயைத் தொண்டைப் பக்கம் நேராக அடிக்க விடாதீர்கள். தொண்டை மரத்துப்போனால் விழுங்குவது சிரமமாகி, பயமே கூடிவிடும். பஞ்சில் அடித்து, பஞ்சை ஈறில் ஒற்றுவதுதான் சரி.

மருந்துக் கடையில் தோலுக்கான மரக்க வைக்கும் கிரீம் கிடைக்கிறது. அதை வாங்கி வீட்டிலேயே ஈறில் பூசிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கிரீம் ஈறில் நிற்காது, எச்சிலோடு தொண்டைக்குள் இறங்கும். எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாமல் போகும். வேண்டாம். கிராம்புத் தைலமும் அப்படித்தான். நேராகத் தடவினால் ஈறு வெந்து, புண்ணின்மேல் புண்ணாகும்.

*சிரிப்பு வாயு.* நைட்ரஸ் ஆக்சைடையும் ஆக்சிஜனையும் கலந்து மூக்கின்மேல் வைக்கும் சிறு முகமூடி வழியாகக் கொடுப்பது. இது வலியை ஓரளவே குறைக்கும், பயத்தை நன்றாகக் குறைக்கும். நினைவு தப்பாது. முடிவில் சில நிமிடங்கள் வெறும் ஆக்சிஜன் கொடுத்தால் தெளிந்துவிடும். ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழும் அளவுக்கு அச்சம் உள்ளவர்களுக்கு, வாயுவோடு ஜெல்லையும் சேர்த்துக் கொடுப்பது மிக நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. மூக்கடைப்பு, கடுமையான நுரையீரல் நோய், வைட்டமின் பி-12 குறைபாடு, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்கள் ஆகிய நிலைகளில் தவிர்க்க வேண்டும். எல்லா மருத்துவமனைகளிலும் இந்த வசதி இருக்காது.

*அழுத்தத்தால் மருந்தைச் செலுத்தும் கருவி.* ஊசி முனை இல்லாமல், மிக நுண்ணிய துளை வழியாக மருந்தை வேகமாகப் பீய்ச்சிச் சதைக்குள் செலுத்துவது. 'டப்' என்ற சத்தமும் திடீர் அழுத்தமும் சிலரைத் திடுக்கிட வைக்கும், ஈறில் சிறு காயமும் ஆகலாம். ஆழ் சுத்தத்துக்கு இதைத் தேடிப் போக வேண்டிய அவசியம் இல்லை. மூக்கில் அடிக்கும் மரக்க வைக்கும் ஸ்பிரே ஒன்று அமெரிக்காவில் 2016-இல் அனுமதி பெற்றது. அது மேல் வரிசைப் பற்களை அடைப்பதற்கானது, ஈறுக்கு உதவாது.

படி 4: நாள் குறிப்பதற்கு முன் தொலைபேசியில் கேட்க வேண்டியவை

பலரும் நாற்காலியில் சாய்ந்த பிறகுதான் ஊசி வேண்டாம் என்கிறார்கள். அந்த நேரத்தில் மருத்துவரிடம் ஜெல் இல்லாவிட்டால், இருவருக்கும் வேறு வழி இருக்காது. ஆகவே முன்னதாகவே அழைத்து இப்படிக் கேளுங்கள்:

"ஆழ் சுத்தத்துக்கு ஈறுப் பைக்குள் செலுத்தும் மரக்க வைக்கும் ஜெல் உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் வரவழைக்க முடியுமா? அதற்குத் தனிக் கட்டணம் எவ்வளவு?"

"முழுவாயையும் ஒரே நாளில் செய்வீர்களா, பகுதி பகுதியாகச் செய்வீர்களா?"

"ஸ்கேலருக்கு (காரையை அதிர்வால் எடுக்கும் கருவிக்கு) வெதுவெதுப்பான தண்ணீர் வைக்க முடியுமா?"

மூன்றாவது கேள்விதான் நான் மேலே சொன்ன வேர்க் கூச்சத்துக்கான மருந்து. தனி நீர்க் குடுவை உள்ள கருவிகளில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி வைப்பது எளிது. ஒரு செலவும் இல்லை. ஆனால் யாரும் கேட்பதில்லை.

அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போகிறவர்கள், அங்கே ஈறுப் பைக்கான ஜெல் இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். ஆனால் பகுதி பகுதியாகச் செய்யச் சொல்வதற்கும், கூசும் இடங்களில் கைக்கருவியால் செய்யச் சொல்வதற்கும், ஈறை உலர்த்தி ஜெல் தடவிக் காத்திருக்கச் சொல்வதற்கும் எங்கேயும் உங்களுக்கு உரிமை உண்டு. பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள்.

படி 5: முந்தைய வாரங்களும் அன்று காலையும்

பொட்டாசியம் நைட்ரேட் 5 சதவீதம் உள்ள கூச்சத்துக்கான பற்பசையைச் சிகிச்சைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள். நரம்பின் கூச்சம் மெல்ல அடங்கியிருக்கும். இந்தப் பசை ஒரே நாளில் வேலை செய்யாது என்பதால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

அன்று வெறும் வயிற்றோடு வராதீர்கள். வயிறு காய்ந்திருந்தால் படபடப்பும் மயக்கமும் எளிதில் வரும். சர்க்கரை நோயாளிகள் வழக்கமான காலை உணவையும் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு, காலை நேரத்திலேயே வருவது நல்லது. அவர்களுக்கு ஊக்கம் தரும் செய்தி ஒன்று உண்டு. ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான எச்பிஏ1சி, மூன்று நான்கு மாதங்களில் சுமார் 0.4 சதவீதம் குறைவதாக ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. ஈறைக் கவனிப்பது சர்க்கரையைக் கவனிப்பதும்தான்.

சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன்பு, சாப்பிட்ட பிறகு, இபுபுரூஃபன் 400 மில்லிகிராம் எடுத்துக்கொண்டால் சிகிச்சையின்போதும் பிறகும் வலி குறையும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, இரத்தம் உறையாமைக்கான மாத்திரை, கர்ப்பம், இவற்றில் எது இருந்தாலும் இது கூடாது. மற்றவர்களும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே எடுங்கள்.

படி 6: நாற்காலியில் என்ன நடக்க வேண்டும்

உட்கார்ந்ததும் கைச் சைகை ஒன்றைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இடக் கையைத் தூக்கினால் மருத்துவர் உடனே நிறுத்த வேண்டும். மிகச் சிறிய ஏற்பாடு. ஆனால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்த முடியும் என்று தெரிந்தவருக்கு வலியின் கடுமையே குறைந்துவிடுகிறது. நான் ஒவ்வொரு நாளும் காண்பது இது.

ஈறுப் பைக்கான ஜெல் என்றால் செய்முறை இப்படி இருக்கும். முதலில் ஈறின் ஓரத்தில் சுற்றிலும் சிறிது விடுவார்கள். 30 விநாடிகள் காத்திருப்பார்கள். பிறகு குழாயின் மழுங்கிய நுனியைப் பையின் அடிவரை இறக்கி, ஜெல் ஈறு விளிம்பில் எட்டிப் பார்க்கும்வரை நிரப்புவார்கள். இன்னும் 30 விநாடிகள். அதன் பிறகே கருவி. முதல் 30 விநாடிகளை அவசரத்தில் விட்டுவிட்டால், குழாய் நுனி இறங்குவதே வலிக்கும். நுனி மழுங்கியதுதான், எனினும் குழாயைப் பார்க்க விருப்பமில்லாதவர்கள் கண்ணை மூடிக்கொள்ளலாம். கசப்பு தெரிந்தால் ஜெல் வெளியே வழிகிறது என்று பொருள்; உறிஞ்சு குழாயால் எடுக்கச் சொல்லுங்கள்.

வாயின் கால் பகுதிக்கு, அதாவது ஒரு பக்கத்து மேல் வரிசைக்கோ கீழ் வரிசைக்கோ, பெரும்பாலும் ஒரு குப்பி போதும். ஒரு குப்பியில் 1.7 கிராம். ஒரே அமர்வில் ஐந்து குப்பிகளுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. இடையில் ஊசியும் போட நேர்ந்தால், அந்த மருந்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மரப்பு 20 நிமிடங்களில் விலகத் தொடங்குவதால் நான்கைந்து பற்களுக்கு மட்டும் ஜெல் விட்டு, அவற்றை முடித்து, அடுத்த நான்கைந்துக்குப் போவதே என் வழக்கம். மொத்த வாய்க்கும் ஜெல்லை நிரப்பிவிட்டுத் தொடங்கினால், கடைசிப் பல்லுக்குப் போகும்போது மருந்தின் பலன் போயிருக்கும்.

ஸ்கேலரின் அதிர்வு தாங்க முடியாத பல் என்றால், அந்த ஒரு பல்லுக்குக் கைக்கருவியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். நேரம் கூடும், கூச்சம் குறையும். மூச்சை மூக்கால் மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள். கால் விரல்களை மடக்கிப் பிடித்திருந்தால் தளர்த்துங்கள்.

படி 7: ஜெல் போதாதபோது

இரண்டு முறை ஜெல் விட்டும் ஒரு பல்லில் வலி அடங்கவில்லை என்றால், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் துடிக்கும்போது மருத்துவரின் கை தயங்கும். தயங்கும் கை காரையை முழுமையாக எடுக்காது. மிச்சமிருக்கும் காரையால் அடுத்த ஆண்டு ஈறில் மீண்டும் சீழ் பிடிக்கலாம். வலியைப் பொறுத்ததற்கு ஒரு பயனும் இல்லாமல் போகும்.

அந்த ஒரு பல்லை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றை முடித்துவிட்டு, இன்னொரு நாள் அதற்கு மட்டும் ஊசி போட்டுக்கொள்ளலாம். ஊசியின் வலியும் குறைக்கக்கூடியதுதான். போடும் இடத்தில் முன்கூட்டியே ஜெல் தடவி இரண்டு நிமிடங்கள் காத்திருப்பது, மெல்லிய ஊசி, குளிர்ச்சி போன மருந்து, எல்லாவற்றுக்கும் மேலாக மிக மெதுவாகச் செலுத்துவது. ஒரு மில்லிலிட்டர் மருந்துக்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளும் மருத்துவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு, பெரும்பாலும் குத்தியதே தெரிவதில்லை. ஊசியில் வலிப்பது முனை அல்ல, அவசரமாக மருந்தைத் தள்ளும்போது சதை விரிவதுதான். மேல் அண்ணத்துச் சதை மட்டும் எலும்போடு இறுக ஒட்டியிருப்பதால் அங்கே கொஞ்சம் வலிக்கும். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

ஈறைத் திறந்து செய்யும் அறுவைச் சிகிச்சை, பல் பிடுங்குதல் ஆகியவற்றுக்கு ஜெல்லும் ஸ்பிரேயும் போதவே போதாது. ஊசி இல்லாமலேயே பல் எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

படி 8: வீட்டுக்குப் போன பிறகு

மரப்பு முழுமையாக விலகும்வரை, குறைந்தது ஒரு மணி நேரம், சூடாக எதையும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம். மரத்த இடத்தில் சூடு தெரியாது, வெந்துவிடும். அன்று முழுவதும் ஆறிய கேழ்வரகுக் கூழ், தயிர்ச் சோறு, இட்லி போதும். ஆம்பூர் பிரியாணியும் அதோடு வரும் கத்திரிக்காய்த் தொக்கும் இரண்டு மூன்று நாள் காத்திருக்கட்டும். பல்லிடுக்கில் ஒட்டும் ஆற்காட்டு மக்கன் பேடாவும் அப்படியே.

உதடோ நகமோ நீலம் பாய்ந்தாலோ, காரணமில்லாமல் மூச்சு வாங்கினாலோ, தலை சுற்றினாலோ உடனே மருத்துவமனைக்குப் போய், எந்த மரக்க வைக்கும் மருந்து கொடுத்தார்கள் என்று சொல்லுங்கள். இது சில மணி நேரம் கழித்தும் வரக்கூடும். அரிதானது, ஆனால் தெரிந்திருக்க வேண்டியது.

அன்றிரவு ஈறு லேசாக வலிக்கும், எச்சிலில் சிறிது இரத்தம் தெரியும். வெதுவெதுப்பான உப்பு நீரால் கொப்பளிக்கலாம். குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதக் கொப்பளிப்பு மருந்து எழுதிக் கொடுத்திருந்தால், பல் துலக்கி அரை மணி நேரம் கழித்து 10 மில்லிலிட்டர், காலையும் இரவும். அதன்பிறகு உடனே டீ, காபி குடித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். ஓரிரு வாரங்களுக்கு மேல் தானாகத் தொடர வேண்டாம்.

அடுத்த சில வாரங்களில் வீக்கம் வடிந்து ஈறு சுருங்கும். பற்கள் நீண்டதுபோலவும், இடைவெளி விழுந்ததுபோலவும் தெரியும். குளிர் நீர் கூசும். இந்தக் கட்டத்தில்தான் நம் ஊரில் பலர் "பல் சுத்தம் செய்ததால் பல் ஆடிப்போயிற்று" என்று முடிவுகட்டி, மறுபடி வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். எலும்பு ஏற்கெனவே கரைந்திருந்தது. அந்த இடத்தைக் காரை அடைத்துக்கொண்டிருந்தது. காரை போனதும் உண்மை நிலை கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே. ஈறு இறுகிய பிறகு பல பற்களின் ஆட்டம் குறையவும் செய்யும். கூச்சத்துக்கான பற்பசையைத் தொடருங்கள்.

ஆறு முதல் எட்டு வாரங்களில் மீண்டும் அளவெடுக்க வேண்டும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புச் சுத்தம். இந்தப் பராமரிப்பு வருகைகளில் பைகள் ஆழம் குறைந்திருப்பதால், பெரும்பாலோருக்கு ஜெல்கூடத் தேவைப்படுவதில்லை. புறப்படும் முன் மருத்துவரிடம் கேட்டு, எந்தப் பகுதிக்கு எந்த மருந்து, எத்தனை குப்பி, எந்தப் பல்லில் போதவில்லை என்பதை உங்கள் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு மருத்துவரிடம் போனாலும், ஊரே மாறினாலும், அந்தச் சீட்டைக் காட்டினால் அவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார்.